நகரும் வாசல்

"பொண்ணு உங்க உசரம்தாண்ணே, நீங்களே நில்லுங்க," என்று படம் ஓட்டுகிற ரியாஸ் சொன்னதும் சன்னாசி செருப்பை மேடைக்குக் கீழே விட்டுவிட்டு, வெள்ளை டேப்பில் பெருக்கல் குறி ஒட்டியிருந்த இடத்தில் போய் நின்றான். நின்றபிறகுதான் அது மணப்பெண் நிற்கவேண்டிய இடம் என்பது உறைத்தது. வெளியே போடிநாயக்கனூர் இரண்டரை மணி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மண்டபத்துக்குள் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, எதிரே இருக்கிறவன் முகம் தெரியாத அளவுக்கு இருட்டு. ஏழு மணிக்கு வரவேற்பு. ஏழரைக்கு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன ஏலக்காய் வியாபாரி அழகுசுந்தரம் மேடையின் பின்பக்கமிருந்து தன் வீட்டு வாசலோடு நடந்து வந்து, மகள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணவேண்டும். அந்த வாசலைச் செய்தவன், கல்யாண மேடை கட்டியும் பேனர் அடித்தும் பிழைக்கிற சன்னாசி. இப்போதெல்லாம் எந்த மண்டபத்துக்குப் போனாலும் இதுதான். செத்த அப்பாவையோ தாத்தாவையோ பெரிய திரையில் காட்டி, சபையை ஒருமூச்சு அழவைத்துவிட்டுத்தான் பந்திக்கு அனுப்புகிறார்கள். ஆனால் அவர்கள் திரைக்குள் நின்றபடியே கையை ஆட்டிவிட்டுப் போகிறவர்கள். கிட்டே நடந்து வருகிறவர் யாரும் இல்லை. சன்னாசிக்குத்தான் புத்தி அப்படிப் போயிற்று. திரையையும் புரொஜக்டரையும் ஒரே தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டால் என்ன? தரையோடு தரையாகப் போகிற தாழ்வான வண்டி, அதன் முன்னால் ஏழடி உயரத்தில் ஒரு நிலைவாசல், வாசலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சன்ன வலைத்துணி, அதற்குப் பின்னால் ஆறடி நீளத்துக்கு நாலாபுறமும் மூடிய ஒரு இருட்டுக் கூண்டு, கூண்டின் கடைசியில் புரொஜக்டர். மேடைக்கடியில் இருக்கிற மோட்டார் கம்பியைச் சுருட்டச் சுருட்ட, வாசல் பன்னிரண்டு அடி முன்னால் வரும், வாசலுக்குள் மனுஷர் நடந்துகொண்டே வருவார். சொன்னபோது ரியாஸ் சிரித்தான். செய்து பார்த்த அன்றைக்குச் சிரிக்கவில்லை, எழுந்துபோய் லைட்டைப் போட்டான்.

பெருக்கல் குறியில் நிற்பது சும்மா நிற்கிற வேலைதான், ஆனால் அசையக்கூடாது. அசையாமல் நின்றால் மனசு அசைய ஆரம்பித்துவிடுகிறது. காலையில் மனைவி பஞ்சவர்ணம் சொன்னதையே அது சுற்றிச் சுற்றி வந்தது. தேனி பெரியாஸ்பத்திரியில் முந்தாநாள் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் நல்லா இருக்கிறார்கள், நாளைக்குக் காலையில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அங்கிருந்து நேரே திருப்பூர், மாப்பிள்ளை வீட்டோடு. இதையெல்லாம் அவள் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னாள். மூன்று வருஷமாக அவள் மகளைப் பற்றிச் சுவரிடம்தான் பேசுவாள். அவன் கேட்காத மாதிரி கேட்டுக்கொள்வான். அது அவர்களுக்குள் ஏற்பட்ட ஒரு ஒப்பந்தம். இன்றைக்கு மட்டும் கிளம்பும்போது திரும்பி அவன் முகத்தைப் பார்த்து, "வந்தா அவ கிளம்புறதுக்குள்ள வாங்க, இல்லாட்டி எப்பவும் வரவேணாம். நம்பரை உங்க போன்ல போட்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எப்பவும் என்றால் எப்பவும்தான், அவள் வார்த்தையை எண்ணிப் பேசுகிறவள். சன்னாசி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். போன் இருந்தது. என்ன பேரில் போட்டிருப்பாள்? வதனி என்றா, மதிவதனி என்றா, மகள் என்றா? பார்க்கவேண்டும் என்று காலையிலிருந்து பத்துத் தடவை கையை விட்டான், பத்துத் தடவையும் மணி பார்ப்பது போலப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான். "ஆடாதீகண்ணே," என்றான் ரியாஸ் இருட்டிலிருந்து. "ஓட்டுறேன்."

அடியில் மோட்டார் உறுமியது. பின்னால் திரைச்சீலைகளுக்கு நடுவில் ஒரு வெளிச்சம், பிறகு வாசல், பிறகு வாசலுக்குள் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அழகுசுந்தரம் வந்தார். முகம் அவருடையதுதான், கொடைக்கானல் போனபோது எடுத்த வீடியோவிலிருந்தும், அவர் மனைவி தெய்வானை அம்மாள் கொடுத்த முப்பது போட்டோவிலிருந்தும் ரியாஸ் பத்து நாள் கண் வலிக்க உட்கார்ந்து எடுத்த முகம். ஆனால் முகம் மட்டும் நடக்குமா? நடக்க ஒரு உடம்பு வேண்டும். உயரமும் தோள்வாகும் ஒத்துப்போகிறது என்று சன்னாசியைத்தான் திண்டுக்கல்லில் ரியாஸுடைய ஸ்டூடியோவில் பச்சைத் துணிக்கு முன்னால் நடக்கவிட்டுப் படம் பிடித்தார்கள். சட்டை வேட்டி செத்தவருடையது. மடிப்பு கலையாத சட்டை, பிரித்ததும் ஏலக்காய் வாசம் குப்பென்று வந்தது. அளவு கச்சிதமாக இருந்தது. அடுத்தவன் சட்டை, அதிலும் போனவர் சட்டை, இப்படிக் கச்சிதமாக இருக்கவேண்டாமே என்று அப்போதே தோன்றியது. கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்தும் அக்குளில் அந்த வாசம் இரண்டு நாள் கிடந்தது. இப்போது அந்தச் சட்டை நடந்து வருகிறது. வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வருகிறது. அது சன்னாசியின் கால். உத்தமபாளையத்தில் பந்தல் சாரத்திலிருந்து விழுந்த கால். பதினாலு எட்டு வைத்தால் பன்னிரண்டு அடி. எட்டும் வண்டியும் ஒத்துப்போகாவிட்டால் ஆள் வழுக்கிக்கொண்டு வருவதுபோலத் தெரியும் என்று எத்தனை தடவை அளந்து அளந்து நடந்தான். இப்போது ஒரு விரற்கடை பிசகவில்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பழகியவனுக்கு இது வேறு யாரோ போலவும் இருந்தது, தெரிந்தவன் போலவும் இருந்தது. கண்ணாடியில் இழுக்கிற கால் எப்போதும் தன் பக்கத்துக் காலாகவே தெரியும். இங்கே அது எதிர்ப்பக்கம் இழுத்தது. எதிரே நின்று பார்க்கிறவர்களுக்கு நாம் இப்படித்தான் வருவோம் போலிருக்கிறது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போது வதனி பார்த்த அப்பா இவன்தான். ராத்திரி சாப்பாட்டுக்குக் காத்திருந்து, செருப்புச் சத்தத்தையும் இழுக்கிற காலையும் வைத்தே அப்பா இன்றைக்கு என்ன கோபத்தில் வருகிறார் என்று கண்டுபிடிக்கிறவள் அவள். அம்மாவிடம் போய், இன்னைக்குப் பேச்சுக் கொடுக்காத என்பாள்.

வாசல் அவனுக்கு முன்னால் ஒன்றரை அடியில் வந்து நின்றது. உள்ளே இருந்தவர் சிரித்தார். வலது கை மேலே எழுந்து, முன்னால் நீண்டு, மெதுவாக இறங்கியது. சன்னாசி தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டான். கை தலைக்கு வரவில்லை. நெற்றியைத் தாண்டி, மூக்கைத் தாண்டி, இறங்கிக்கொண்டே வந்து, அவனுடைய தொண்டைக்கு நேரே விரல்களை விரித்தபடி நின்றது. நின்று, ஆசீர்வாதம் செய்வதுபோல இரண்டு தடவை மெல்ல அழுத்தியது. முகம் சிரித்துக்கொண்டே இருந்தது. படம்தான், வலைத்துணியில் விழுகிற வெளிச்சம்தான், அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்று தெரிந்த சன்னாசியே கழுத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். ரியாஸ் லேப்டாப்பை விட்டு எழுந்து வந்து பக்கவாட்டில் நின்று பார்த்தான். மறுபடி ஓட்டினான். மறுபடியும் தொண்டை. "என்னண்ணே இது, கழுத்தை நெரிக்கிற மாதிரி இருக்கு," என்றான். எடுக்கும்போது மண்டைக்குத்தானே வைத்தோம் என்றும், தன் பக்கம் எல்லா அளவும் சரி என்றும் சொன்னான். பிறகு சந்தேகத்தோடு கேட்டான்: "நீங்க அன்னைக்கு யார் உசரத்துக்குண்ணே கையை வச்சீக?"

யாருக்கும் இல்லை, சும்மா காற்றில்தான் வைத்தேன் என்று சன்னாசி பதில் சொன்னான். அது பொய் இல்லை. வாசலை அளந்தார்கள், நிலைப்படியை அளந்தார்கள், எட்டை அளந்தார்கள், கம்பியை அளந்தார்கள், பெண்ணின் உயரத்தைக்கூட ரியாஸ் ஒரு துண்டுத்தாளில் குறித்து வைத்திருந்தான். கை போய் நிற்கவேண்டிய காற்றை மட்டும் ஒருவரும் அளக்கவில்லை. பச்சைத் துணிக்கு முன்னால் அவன் நடந்து வந்து நின்றபோது ரியாஸ், "இப்ப உங்க முன்னால பொண்ணு நிக்குதுண்ணே, தலையில கை வைங்க," என்றான். வைத்தான். யோசிக்கவில்லை. கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை. கை தானாகப் போய் ஒரு இடத்தில் நின்றது, அங்கே ஒரு தலை இருந்த மாதிரியே நின்றது. அழகுசுந்தரத்தின் மகள் பள்ளிக்கூடத்தில் வாலிபால் ஆடியவள், அப்பாவைப் போல நெடுநெடுவென்று வளர்ந்தவள். அந்தக் கை நின்ற உயரத்தில் அவளுக்குத் தொண்டைதான் இருக்கும். ஐந்தடிக்கும் குறைவான ஒருத்திக்குத்தான் அங்கே தலை இருக்கும். வதனி அம்மாவைக் கொண்டு குட்டையாகப் போய்விட்டாள் என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, குட்டை என்று சொன்னவர்களோடெல்லாம் அவன் சண்டைக்குப் போயிருக்கிறான். பத்தாவது பரீட்சைக்குப் போகும்போது கை வைத்தது, கல்லூரியில் சேரும்போது வைத்தது, திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்துப் பஸ் ஏறும்போது வைத்தது. நான்காவது தடவை வைக்கவேண்டிய நாளில் அவள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனில் கூப்பிட்டாள். பையன் நம்ம ஆட்கள் இல்லை. அவ்வளவுதான் அந்தப் பையன் மேல் குற்றம். இன்றுவரை வேறு ஒன்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று வருஷமாக மறந்துவிட்டேன், மறந்துவிட்டேன் என்று ஊர்பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தவனுடைய கை மட்டும் மறக்காமல் இருந்திருக்கிறது. கையைப் பார்த்தான். இருட்டில் தெரியவில்லை.

ரியாஸ் அதற்குள் ஒரு வழி சொன்னான். புரொஜக்டரைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தால் ஆள் முக்கால் அடி மேலே ஏறிவிடுவார், கை தலைக்கு வந்துவிடும், வாசல் ஏழடி என்பதால் தலையும் முட்டாது. கால் மட்டும் நிலைப்படிக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், அதைச் செவ்வந்திப் பூவைக் கொட்டி மறைத்துவிடலாம். சொல்லிவிட்டு அப்படியே ஒரு தடவை ஓட்டியும் காட்டினான், பூவுக்குப் பதிலாக ஒரு போர்வையைக் குறுக்கே போட்டு. வாசல் வந்தது. வேட்டி வந்தது. வேட்டிக்குக் கீழே ஒன்றும் இல்லாமல், கால் இல்லாமல், ஒரு ஆள் மேலும் கீழும் லேசாக அசைந்து அசைந்து மிதந்து வந்தார். கால் இல்லாமல் வருகிறவரை இந்த ஊரில் யாரும் அப்பா என்று சொல்லமாட்டார்கள், அதற்கு வேறு பேர் இருக்கிறது. முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற பொம்பளைகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வேண்டாம் என்றான் சன்னாசி. குரல் அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பிறகு எப்படித்தான் செய்வது என்று ரியாஸ் கேட்டான். யோசிக்கிறேன், கூண்டுக்குள் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சன்னாசி வண்டிக்குப் பின்னால் போனான். கசியவில்லை என்று அவனுக்குத் தெரியும். கசியாத சரக்கு அது. அதைத்தான் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

கூண்டை மூட, வெளிச்சம் துளிகூட ஊடுருவாத துணி வேண்டும். சாதாரண ஃபிளக்ஸ் பேனர் துணியில் வெளிச்சம் அடித்தால் மறுபக்கம் தெரியும். முதுகு கறுப்பாக இருக்கிற ஒரு ரகம் உண்டு, விலை கூட, யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள். சன்னாசியின் குடோனில் அந்த ரகத்தில் ஒன்றே ஒன்று சுருட்டிக் கிடந்தது, எட்டடிக்குப் பன்னிரண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனே அச்சடித்தது. பெண் ஓடிப்போனால் அவள் செத்துப்போனதாகக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் புதிதில்லை. எத்தனையோ தகப்பன்மார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து அவனிடமே அடித்து வாங்கிப் போயிருக்கிறார்கள், அவனும் தொழில்தானே என்று தேதியைத் திருத்திக் கொடுத்திருக்கிறான். தன் முறை வந்தபோது நல்ல சரக்காகப் போட்டான். பஸ் ஸ்டாப்பில் பின்னால் தெருவிளக்கு இருக்கிறது, வெளிச்சம் ஊடுருவி முகம் வெளிறிப்போகக்கூடாது என்று கறுப்பு முதுகு. செத்தவள் என்று தலைமுழுகிவிட்டு அவளுக்கு என்ன தரம் பார்த்தேன் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. தோற்றம் என்று அவள் பிறந்த தேதி. மறைவு என்று அவள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட தேதி. ஐந்து நாள் தொங்கியது. ஆறாம் நாள் விடியற்காலையில் தானே போய் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தான். போன வாரம் கூண்டுக்கு வேண்டும் என்று அதை எடுத்து விரித்தவனும் அவன்தான், கத்திரி வைத்தவனும் அவன்தான். வேலையாட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு வெட்டினான். இடது பக்கத் துண்டில் ஒரு கண் போயிற்று. மேல்துண்டில் நெற்றியும் பொட்டும். வலது பக்கம் மற்றொரு கண்ணும் காதும் லோலாக்கும். மறைவு என்ற எழுத்து அடியில் போய்விட்டது. கறுப்பு உள்ளே, அச்சு வெளியே, அதற்குமேல் சந்தன நிறப் பட்டுத்துணியைச் சுற்றித் தைத்தாகிவிட்டது. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு அலங்கார வண்டி. வேறு துணி கிடைக்காமல் இல்லை, மதுரைக்கு ஒரு போன் போட்டால் வந்திருக்கும். ஏன் போடவில்லை? அவசரம் என்று அப்போது நினைத்தான். இப்போது கூண்டின் பக்கத்தில் நின்று பட்டுத்துணிமேல் உள்ளங்கையை வைத்தபோது, உள்ளே புரொஜக்டர் சூட்டில் அது வெதுவெதுவென்று இருந்தது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் கன்னம் போல இருந்தது. கையை எடுத்துக்கொண்டான். ஒருவர் மகளைப் பார்க்க உயிரோடு வருகிற வழி இது. வழி நெடுக அவன் மகளைச் சாகடித்த துணி. ஆறடிக்கு அவளைச் சுற்றிக் கட்டி அதற்குள் ஒரு செத்த மனுஷரைத் தன் காலால் நடக்கவிட்டிருக்கிறான். யாராவது இதைக் கண்டுபிடித்தால் என்ன சொல்வார்கள் என்பதைவிட, யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்பதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. சத்தியமாகப் பயமாக இருந்தது. பட்டுத்துணிக்கு அடியில் அந்த இடது கண் எந்த இடத்தில் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், அதற்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்றான்.

தெய்வானை அம்மாள் வந்தது அவனுக்குத் தெரியாது. மேடைக்குத் திரும்பியபோது கீழே, தான் திறந்துவிட்ட கதவின் வெளிச்சத்தில், முதல் வரிசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குட்டையான, சிவந்த அம்மாள். கல்யாண வேலையில் தலை கலைந்திருந்தது. ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லி ரியாஸிடம் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல ரியாஸுக்கு வாய் வரவில்லை. சன்னாசி வேறு வழியில்லாமல் போய்ப் பெருக்கல் குறியில் நின்றான். பதினாலு எட்டு. சிரிப்பு. கை எழுந்தது, இறங்கியது, அவன் தொண்டைக்கு நேரே நின்று அழுத்தியது. இதோ இப்போது அலறப்போகிறார், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுவிட்டு மூட்டையைக் கட்டச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தான். அவர் அலறவில்லை. படியேறி மேடைக்கு வந்தார். "கொஞ்சம் தள்ளிக்கிருங்கண்ணே," என்று அவனை ஒதுக்கிவிட்டு, செருப்பைக் கழற்றி, அந்த டேப் மேல் தானே நின்றார். ரியாஸ் ஓட்டினான். சன்னாசி பக்கவாட்டில் நின்று பார்த்தான். தன்னுடைய கால் இழுத்து இழுத்து வந்து நின்றது. தன்னுடைய கை இறங்கி, அந்த அம்மாளின் வகிட்டுக்கு மேலே, ஒரு மயிரிழை இடைவெளியில், அளவெடுத்து வைத்த மாதிரி நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். படம் முடிந்து வாசல் வெறும் இருட்டானபிறகும் மூடிய கண்ணைத் திறக்காமல், இன்னொருதரம் என்றார். ஓட்டினான். இன்னொருதரம் என்றார்.

நான்காவது தடவைக்குப் பிறகு அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார். முப்பது வருஷத்தில் புருஷன் இப்படி ஒருநாள்கூடத் தன் தலையில் கை வைத்ததில்லை என்றார். மகளுக்கும் அப்படித்தானாம், பணம் கட்டுவார், வண்டி வாங்கித் தருவார், கையால் தொடமாட்டார். பிறகு கூண்டைப் பார்த்தபடி, "கால் இழுக்குறது அப்படியே இருக்கு. கடைசி மாசம் அவருக்கு அந்தக் கால்தான் இழுத்துச்சு. வெளில யாருக்கும் நாங்க சொல்லல. உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றான் சன்னாசி. அது தன் கால் என்று சொல்லலாமா என்று வாயைத் திறந்தான். ஆனால் அந்தக் காலை அவர் இப்போது தன் புருஷனுக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்ததைப் பிடுங்குவது எப்படி? நாளைக்கு அவர் நினைவில் அழகுசுந்தரம் எப்போதும் இப்படித்தான் நடப்பார், இப்படித்தான் கை வைப்பார். பொய்யான ஒரு ஆள் வந்து நிஜமான ஆளின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டான். அதைச் செய்துகொடுக்க இரண்டு வாரம் போதுமானதாக இருந்தது. உயிரோடு இருக்கிற ஒருத்தியைச் சாகடிக்க அச்சு இயந்திரத்தில் இருபது நிமிஷம் போதுமானதாக இருந்த மாதிரி. "உங்களுக்குப் பொம்பளப் பிள்ளை இருக்காண்ணே?" என்று தெய்வானை அம்மாள் கேட்டார். மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்கு அவன் ஒரே பதில்தான் சொல்லி வந்திருக்கிறான், அதுவும் டக்கென்று சொல்லிவிடுவான். "இருக்கா," என்றான். என்ன உயரம் இருப்பாள் என்று அவர் கேட்டார். அவன் கையை நீட்டிக் காட்டினான். கை எங்கே போய் நின்றது என்பதை அவர் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி அவன் கையைப் பார்த்தார். என் மகளை ஒரு படி கீழே நிற்கச் சொல்லுகிறேன், வாசலை மேடை விளிம்புவரைக்கும் கொண்டுவந்துவிடுங்கள், படம் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். மேடைப்படி ஒன்று சரியாக முக்கால் அடி. இருபது வருஷமாக மேடை கட்டுகிறவன் மூளைக்கு அது எட்டவில்லை.

வண்டியையும் கம்பியையும் மூன்று அடி முன்னால் தள்ளிக் கட்ட ரியாஸ் மேடைக்கடியில் படுத்துவிட்டான். கால் மணி நேரம் ஆகும் என்றான். சன்னாசி மண்டபத்தின் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு சமையல்கட்டுப் பக்கம் வந்தான். வெயில் கண்ணில் அறைந்தது. கேரட் சீவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். போனை எடுத்துத் தேடினான். பஞ்சவர்ணம் எந்தப் பேரும் போடவில்லை, 'ஆஸ்பத்திரி' என்று மட்டும் போட்டிருந்தாள். அழுத்தினான். மூன்றாவது மணியில் மகள் எடுத்துவிட்டாள். "ஹலோ." குரல் கொஞ்சம் தடித்திருந்தது, பிள்ளை பெற்ற களைப்பாக இருக்கும். அவன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. ஹலோ என்றாள் மறுபடியும். பின்னால் பஞ்சவர்ணத்தின் குரல், யாருடி என்றது. "யாரும் இல்லம்மா," என்றாள் வதனி, வைத்துவிட்டாள். சன்னாசி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றான். கேரட் சீவுகிற சத்தம் கேட்டது, தூரத்தில் லாரி கேட்டது, எல்லாம் கேட்டது. தான் மட்டும் யாருக்கும் கேட்காத இடத்துக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. சீவுகிற பெண்ணிடம் போய் நான் இங்கே நிற்பது தெரிகிறதா என்று கேட்கவேண்டும் போல ஒரு பைத்தியக்காரத்தனம் வந்தது. கேட்டிருப்பான், ஆனால் அவள் தெரியவில்லை என்று சொல்லிவிட்டால்?

மறுபடி அழுத்தினான். இந்தத் தடவை அவள் ஹலோ சொல்லும்வரை காத்திருக்கவில்லை. "வதனி, நான்தாம்மா," என்றான். வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தான், வைக்கவில்லை. குழந்தை ஒன்று பூனைக்குட்டி மாதிரி முனகியது. நாளைக்குக் காலையில் பத்து மணிக்கு வண்டி சொல்லியிருக்கிறது, பத்துக்குக் கிளம்பிவிடுவோம் என்றாள், கேட்காத ஒன்றுக்குப் பதில் சொல்கிற மாதிரி. ஒன்பதுக்குள்ளே வந்துவிடுகிறேன் என்றான். பிறகு, "கல்யாணம் ஆன நாலாவது நாள் நான் வந்தேன்," என்றாள். அவளே சொன்னாள். அப்பா காலில் விழுந்துவிடலாம் என்று திருப்பூரிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்தாளாம். நம்ம ஸ்டாப்பில் இறங்கியதும் எதிரே அவளே பெரிதாகத் தொங்கிக்கொண்டிருந்தாளாம். பூக்கார அக்கா அதற்கு ஒரு முழம் மல்லிகையைச் சுற்றிவிட்டிருந்தாளாம், அவளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து தள்ளிப்போய் நின்றுவிட்டாளாம். ஒருத்தரும் கிட்டே வரவில்லை. அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் அதற்குக் கீழேதான் நின்றாள், வேறு எங்கேயும் நிழல் இல்லை. இதையெல்லாம் அவள் அழாமல், நிதானமாக, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்லுகிற மாதிரி சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சன்னாசி தாங்கியிருப்பான்.

"நல்ல போட்டோவாப் பாத்துத்தான்ப்பா போட்டிருந்தீங்க," என்றாள்.

"ஆமாம்மா," என்றான் சன்னாசி. "ஸ்டூடியோவுல எடுத்தது."